சென்னியப்பண்ணனின் கல்யாணக் கார்

எதிர்வீட்டு சென்னியப்பண்ணன் ஏலப்பாறை எஸ்டேட்டில் டிரைவராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பியபோது விற்ற பழைய காரை வாங்கிக்கொண்டு சித்தூருக்கு வந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணங்களை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஒரு ஆடியில் எங்கள் தெருக் கருப்பாத்தாளின் மகன் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். உடலைக் கொண்டுவர எந்த வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. அண்ணன் போனார். பின்சீட்டில் மகனை உட்காரவைத்து, சாய்ந்துவிடாதபடி தாயே கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆவணியில் முதல் முகூர்த்தம். பெண்வீட்டு வாசலில் கார் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தபோது இன்ஜின் விட்டு விட்டு இருமியது. கதவெல்லாம் நடுங்கியது.

பெண்ணின் மாமன் அர்த்தநாரி, "ஆடியில ஏறுனவன் இன்னும் எறங்குலையாட்ட இருக்குது" என்றார்.

மாப்பிள்ளை காரில் ஏறாமல் பந்தலுக்கு நடந்தே போனார்.

மறுநாள் அண்ணன் பானட்டைத் திறந்ததை எங்கள் வேலியோரம் நின்று பார்த்தேன். இன்ஜின் ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கழற்றியதும் சத்தம் தளர வேண்டும். மூன்றாவதில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. பிளக்கை மாற்றியும் அப்படியே. பிறகு இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, வண்டியின் முன்னால் செருகிய கைப்பிடியைச் சுற்றும்படி மனைவி ராசம்மாளிடம் சொன்னார். மற்ற துளைகளில் காற்று விரலைத் தள்ளியது.

"மூணாவதுல மூச்சே இல்ல புள்ளே."

"அதை வெளிய சொல்லிப்போடாதீங்க" என்றாள் ராசம்மக்கா.

இன்ஜினைப் பிரித்தால், ஒரு வால்வின் ஓரம் கருகி உடைந்திருந்தது. கோயமுத்தூர் போய் வேறு வாங்கிவந்து, நாள் முழுக்கத் தேய்த்துப் பொருத்தினார். கருகிய வால்வைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கண்டவரிடமெல்லாம் காட்டினார். எல்லாரும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். டீக்கடை முன்னால் காரை ஓடவிட்டு, பானட்மேல் நிறைந்த டீ கிளாஸை வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அங்கிருந்த அர்த்தநாரி கிளாஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் ஓடுது சென்னியப்பா. பொண்ணு அதுல உக்காரோணுமல்லோ."

அதற்குப் பிறகு தை முடியும்வரை ஒருவரும் கூப்பிடவில்லை. மாசியில் ஒருநாள் காலை, வெளியூர்க்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, பாலக்காட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி வரோணுங்க."

"சீக்காளியக் கூட்டிட்டு வரோணுங்களா?"

வந்தவர் இல்லையென்று தலையசைத்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். ராசம்மக்கா உள்ளே போய், பாய் ஒன்றை எடுத்துவந்து பின்சீட்டில் விரித்தாள். அண்ணன் கைப்பிடியைச் சுற்றினார். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.