கத்தரிப்பூ நிறத் தண்ணீர்

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் ஒருநாள் விடியும்போது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. முதல் வாளியை இறைத்த மூலை வீட்டுப் பெரியம்மா, வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவே எழுந்திருக்கும்படி கத்தினாள். நான் பல் தேய்த்த கரி வாயோடு ஓடினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் போகிற வழியில் இருந்தது எங்கள் தெரு. இரண்டு பக்கமும் தறி வீடுகள். நல்ல தண்ணீர் என்று சொல்ல அந்த ஒரு கிணறுதான். வேறு தெருவாக இருந்தால் பேய் என்றிருப்பார்கள், விஷம் என்றிருப்பார்கள். எங்களவர்களுக்கு நிறம் என்றால் சாயம். சாயம் என்றால், கிணற்றை ஒட்டிப் பட்டறை வைத்திருந்த சாயக்காரப் பெரியப்பா. அவர் எங்களுக்கு ரத்த உறவில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, பெண்ணெடுத்த எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டவர். அப்பா அவரை அண்ணாச்சி என்றதால் எனக்குப் பெரியப்பா.

அது சாயமே இல்லை. வாந்திபேதிக் காலத்தில் கிணறுகளைச் சுத்தம் செய்ய முனிசிபாலிட்டிக்காரர்கள் கரைத்து ஊற்றும் மருந்து. எங்கள் குடும்பத்தில் ஹைஸ்கூல் வாசலை முதலில் மிதித்தவன் நான். சில வருஷம் கழித்து அங்கே சயின்ஸ் வாத்தியார் ஒரு சிட்டிகைத் தூளைக் கண்ணாடிக் குவளையில் போட்டு, பெர்மாங்கனேட் என்று பெயர் சொல்லிக் காட்டியபோது, தண்ணீர் அதே கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. வகுப்பே கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை.

ஆனால் அன்று கிணற்றடியில் நின்றவர்களுக்கு இது தெரியாது. அதற்கு முந்தைய கோடையில் முனிசிபாலிட்டி ஆள் ஒருவர் தகர டப்பாவும் வாளியுமாக வந்தபோது, கிணற்றைக் கெடுக்க வந்தான் என்று பெண்கள் அவரை விரட்டிவிட்டார்கள். டப்பாவைத் திறக்கக்கூட விடவில்லை. இந்தத் தடவை தெரு எழுந்திருக்குமுன் வந்து ஊற்றிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

எதற்காக எங்கள் கிணற்றுக்கு வந்தார்? அதற்குக் காரணம் எங்கள் வீட்டு உள்ளறையில் படுத்திருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்களைப் பார்க்க வந்த இடத்தில் வாந்தியும் பேதியுமாக விழுந்தாள். வெளியே தெரிந்தால் முனிசிபாலிட்டி வண்டி வரும். ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பியதாக எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே அறைக்கதவு சாத்தப்பட்டது. யார் கேட்டாலும் அத்தை ராஜபாளையம் போய்விட்டாள் என்று சொல்லும்படி அம்மா எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடப் பாடத்தைவிட அதை நான் நன்றாக ஒப்பித்தேன்.

கிணற்றடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மூலை வீட்டுப் பெரியம்மா ஒரு வெள்ளை நூல் சிட்டத்தைக் கொண்டுவந்து வாளிக்குள் முக்கி எடுத்தாள். சாயத்தைச் சோதிக்க எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நூல் நிறம் பிடித்துக்கொண்டது.

"பாத்தியளா! நூலு பிடிச்சிருச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஏன்யா சாயக்காரரே, சேலைக்குப் போடுற சாயத்தை எங்க கொடலுக்குமா போடுதீரு?"

பெரியப்பா பட்டறையிலிருந்து வந்தார். முழங்கை வரை மஞ்சள்.

"மதினி, என் தொட்டியில இப்பம் மஞ்சள்தான் கெடக்கு. இந்தக் கைய பாருங்க. கத்தரிப்பூக்கு நான் எங்க போவேன்?"

"கைய மஞ்சள்ல முக்கிட்டு வந்துட்டா ஆச்சா?" என்றார் ஒருவர்.

"அவரு கத்தரிப்பூ போட்டா ரெண்டு துவைப்புல வெளுத்துரும். இது நல்லா நிக்குதே, அவரு சாயமா இருக்காதுவே," என்றார் இன்னொருவர். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலும் யாரும் அவரை நம்பவில்லை.

பட்டறைக்குள் போய்ப் பார்த்தார்கள். ஒரு தொட்டியில் மஞ்சள், மற்றது காலி. காலித் தொட்டி கழுவி வைக்கப்பட்டிருந்தது. கழுவாமல் இருந்தால் அழுக்குப் பிடித்தவன் என்றிருப்பார்கள். கழுவியிருந்ததால், "இதக் கழுவித்தானே கிணத்துல விட்டிருக்கான்" என்றார்கள்.

அப்போது தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ராவுத்தர், வாளியைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கென்னமோ இது முனிசிபாலிட்டி மருந்து மாதிரில்லா தோணுது. கடைவீதிக் கிணத்துல ஒரு தடவ ஊத்தினாக."

அதுவரை வாயே திறக்காத அப்பா பேசினார்.

"அவிய வந்தா தண்டோரா போட்டுல்லா வருவாவ, ராவுத்தரே? அதும்போக, நம்ம தெருவுல யாருக்கு என்ன சீக்கு, மருந்து ஊத்துறதுக்கு?"

அதுவும் சரிதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ராவுத்தர் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் அந்தச் சிட்டம் காய்ந்து, கத்தரிப்பூ மாறிப் பழுப்பாகியிருந்தது. பெரியப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். எந்தச் சாயம் இப்படி நிறம் மாறும், எந்த ஊரில் கண்டீர்கள் என்று கேட்டார். மட்டச் சாயம் மாறத்தான் செய்யும் என்று பதில் வந்தது. எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தார். உள்ளே அத்தை முனகுகிற சத்தம். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து தறிப் பலகையை வெறுமனே தடதடவென்று மிதித்தார். பெரியப்பா வாசலில் நின்று உள்ளறைக் கதவைப் பார்த்தார். அப்பாவிடம் எதுவும் கேட்காமல் இறங்கிப் போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில் தெருக்காரர்கள் மறுபடி கூடினார்கள். காலையில் கவுன்சிலரைப் பார்த்துச் சானிட்டரி இன்ஸ்பெக்டரைக் கையோடு கூட்டிவந்து, பட்டறைக்குப் பூட்டுப் போட வைப்பது என்று முடிவாகிற மாதிரி இருந்தது. பெரியப்பாவின் சம்சாரம் குடத்தோடு வந்து நின்றாள். அந்தக் கலங்கல் தண்ணீரையும் அவளை இறைக்க விடவில்லை. "ஏட்டி, ஒங்க தொட்டித் தண்ணியவே மோந்து குடி" என்றாள் மூலை வீட்டுப் பெரியம்மா.

அப்பா கூட்டத்தின் நடுவில் போய் நின்றார். என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருந்தார்.

"இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டா அவன் கிணத்தோட நிப்பானா? ஒவ்வொரு வீடா நுழைவான். சாக்கடை, மாட்டுக்கொட்டம், தறிக்குழி எல்லாத்தையும் பாத்து அபராதம் போடுவான். வேண்டாம். அண்ணாச்சி ஒத்துக்கிட்டா நமக்குள்ளயே முடிச்சுக்கிடுவோம். நம்ம ஆளு அவரு."

எல்லாரும் அப்பாவின் பெருந்தன்மையை மெச்சினார்கள். தெருவே ஒருவனைக் கடித்துக் குதறும்போது பரிந்து பேச ஒரு மனிதன் இருக்கிறானே என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியப்பா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சிட்டம் இன்னும் அவர் கையில் இருந்தது.

"ஒத்துக்கிடணுமா, தம்பி?"

"ஒத்துக்கிடுங்கண்ணாச்சி."

அவர் சிட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. என் சாயந்தான். கவனக்குறைவு. தெரு மன்னிக்கணும்."

பட்டறையைக் கண்மாய்ப் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும், ஆள் வைத்துக் கிணற்றை இறைத்துத் தர வேண்டும் என்று சொன்னார்கள். பட்டறைக்கு உடனே தலையசைத்தவர், கிணறு என்றதும் மட்டும் மறுத்தார்.

"இறைக்க வேண்டாம். அப்படியே கெடக்கட்டும். தானாத் தெளியும். அதுவரைக்கும் யாரும் குடிக்காதிய, குடிச்சாலும் கொதிக்க வச்சுக் குடிங்க."

"எதுக்கு இறைக்க வேண்டாங்கான்? உள்ள வேற என்னத்தப் போட்டு வச்சிருக்கான்?" என்று உடனே ஒரு குரல் கிளம்பியது.

"அண்ணாச்சி சொன்னபடியே கெடக்கட்டும்," என்றார் அப்பா. அவ்வளவு அவசரமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

கூட்டம் கலைந்தது. எங்களைத் தாண்டிப் போகும்போது பெரியப்பா நின்று, அப்பாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"தங்கச்சிக்கு எப்படி இருக்கு?"

"தேவலை," என்றார் அப்பா. "கஞ்சி தங்குது."

அத்தை ராஜபாளையம் போய்விட்டாள் என்றுதானே தெருவுக்குச் சொல்லியிருந்தோம், இவருக்கு யார் சொன்னது என்று எனக்குச் சந்தேகம். வீட்டுக்குப் போனதும் நான் யாரிடமும் சொல்லவில்லை என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இன்றைக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. தெருவில் முதலில் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர் அவர். முனிசிபாலிட்டி ஆள் வந்ததை அவர் பார்த்தாரா? அல்லது, குழந்தைகள் இருக்கிற தெரு என்று பயந்து, வீட்டைக் காட்டிக்கொடுக்காமல் கிணற்றுக்கு மட்டும் மருந்து கேட்டு வாங்கியவரே அவர்தானா? அப்பாவும் அதைத்தான் சந்தேகப்பட்டாரோ? அப்பா கடைசிவரை அதைப் பற்றிப் பேசவில்லை. அத்தை பிழைத்துவிட்டாள். தெருவில் வேறு யாருக்கும் நோய் வரவில்லை.

மறுநாள் காலையில் பெரியப்பா தொட்டியைக் கண்மாய்க்குக் கொண்டுபோனார். தூக்குவதற்கு ஒருவரும் வரவில்லை. அப்பா தறியிலிருந்து எழுந்து போய் மறுபக்கத்தைப் பிடித்தார். வாசல்களில் நின்றவர்கள், தப்புச் செய்தவனுக்கும் கைகொடுக்கிறார் பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான் பின்னால் நடந்தேன். இந்தத் தெருவில் என் அப்பாவைப் போல நல்லவர் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். தொட்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.