கடுகளவு சதை

ஹப்சிகுடாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புரதங்களைத் தேடிப் பிழைக்கிறேன். பதினோரு வருஷமாயிற்று. இப்போதெல்லாம் காலையில் மெட்ரோவை விட்டு இறங்கும்போதே அலுப்பாக இருக்கிறது.

அன்றைக்குச் சோதனைக்கு வந்த சாம்பிள் ஒரு குழந்தையுடையது. ஏழு வயது. நடந்தால் அடிக்கடி விழுவாள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, மெட்டுகுடா குவார்ட்டர்ஸ். தாத்தா காலத்திலேயே இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அவளுடைய மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பது ரத்தச் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் மரபணுவில் எழுதியிருப்பதெல்லாம் உடம்பில் அப்படியே நடந்துவிடுவதில்லை. அந்த மரபணு செய்யவேண்டிய புரதம் தசையில் கொஞ்சமாவது உருவாகிறதா என்பதுதான் கேள்வி. உருவானால்தான் டாக்டர் மருந்தைத் தொடங்குவார். அதற்காகக் கெண்டைக்காலில் கீறி, கடுகளவு சதை எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அதைக் கரைத்துக்கொண்டிருந்தபோது எனக்குக் காதோரம் அரித்தது. கையுறையோடு சொரிந்துகொண்டேன். புதிதாகச் சேரும் மாணவர்களை நான் இதற்காகத்தான் திட்டுவேன். கையுறையை மாற்றவும் இல்லை. களைப்பு, வேறென்ன சொல்ல. மறுநாள், புரதங்களை அடையாளம் காட்டும் மெஷினில் வந்ததெல்லாம் கெரட்டின், தோலிலும் முடியிலும் இருக்கிற புரதம். தேடியது இருந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாதபடி அது எல்லாவற்றையும் மூடிவிட்டது. சதையும் தீர்ந்துபோயிருந்தது.

"சாம்பிள் பத்தலைன்னு எழுதிடுங்க," என்றார் மேலதிகாரி. எழுதியிருக்கலாம். முன்பு எழுதியும் இருக்கிறேன். இந்த முறை மனசு கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் சொல்லி அப்பாவை நேரில் வரச் சொன்னேன். அவர் மகளையும் கூட்டிவந்துவிட்டார்.

"இன்னொரு வாட்டி கீறணுமா? நக்கோ மேடம், வேணாம். ரத்தம் எடுத்துக்குங்க, எவ்வளவு வேணும்னாலும்."

"மரபணு ரத்தத்துலயும் கிடைக்குங்க. இந்தப் புரதம் தசையில மட்டும்தான் இருக்கும்."

"அப்போ மெஷின்ல வந்தது யாரோடது?"

"என்னோடது. என் தப்புதாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் மகளிடம் தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கால்களையும் நீட்டிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றில் தையல் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"ஏ காலு?" என்று என்னைக் கேட்டாள். எந்தக் கால் என்று கேட்கிறாள்.