தொட்டி வாங்கிய மூச்சு

என் மனைவிக்கு ஒரே தம்பி. பீர்க்கன்கரணையில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறான். பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்றில் குடிநீர்க் கேன்களை ஏற்றிக் கேளம்பாக்கத்து விடுதிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் தொழில். அவனுடைய மனைவி மறைந்து சில வாரங்கள் கழிந்தபின், அந்த வண்டி நாள்தோறும் வழியில் ஒரே இடத்தில் நின்றுபோகத் தொடங்கியது. தண்ணீர் உரிய நேரத்திற்கு வராமையால் விடுதிகள் ஒவ்வொன்றாக வேறு ஆளை நாடின. அவனோ வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசெல்ல மறுத்தான்.

“பொழப்பு போயிட்டு இருக்கு, அவன் என்னடான்னா சிரிக்கிறான். எனக்கு பயமா இருக்கு. நீங்க ஒரு நாள் அவன்கூடப் போய்ப் பாருங்களேன்,” என்றாள் என் மனைவி.

மறுநாள் காலை அவனருகில் ஏறி அமர்ந்தேன். வண்டலூரில் வழக்கமாக நிரப்பும் பங்கில் தொட்டியின் கழுத்துவரை டீசல் நிரப்பிக்கொண்டான். கேளம்பாக்கம் சாலையில் திரும்பியது முதல் வண்டி ஒரு குறையுமின்றி ஓடிற்று. கண்டிகையைக் கடந்து கட்டடங்கள் அருகிப்போன ஓரிடத்தில், எங்களுக்குப் பின்னே, கேன்களின் அடியில் ஓர் ஓசை எழுந்தது. வெறுந்தகரத்தை உட்புறமிருந்து எவரோ முழங்கையால் இடித்தாற்போன்ற ஓசை.

“இப்ப நிக்கும் பாருங்க மாமா,” என்றான்.

பொறியின் இழுவை தளர்ந்தது. இருமுறை கமறிற்று, பின் ஓய்ந்தது. அவன் பதறவில்லை. எஞ்சிய ஓட்டத்திலேயே வண்டியைச் சாலையோரப் புங்கமரத்தின் கீழ் உருளவிட்டான். இறங்கிப் பக்கவாட்டில் சென்று, டீசல் தொட்டியின் மூடிமேல் கைவைத்துக்கொண்டு என்னை அழைத்தான்.

“கிட்ட வந்து கேளுங்க.”

மூடியைத் திருகினான். தொட்டி மூச்சை இழுத்தது. முதலில் இழைபோல் மெலிதாக, பின்னர் அகன்று, நெடுநேரம் அடக்கிவைத்த ஒருவர் இறுதியில் வாய்திறந்து வாங்குவதுபோல. உள்ளே சென்ற அம்மூச்சு வெளியே வரவேயில்லை. நல்ல வெயில், சாலையில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு முதுகு சில்லிட்டது.

அவன்தான் பேசினான். நெஞ்சுவலியென்று துடித்த மனைவியை இவ்வண்டியில்தான் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றிருக்கிறான். இந்த மரத்தருகே அவள் அவன் கையைப் பற்றியிருக்கிறாள்.

“‘கொஞ்சம் நிறுத்துங்க, மூச்சு வாங்கிக்கிறேன்’னு சொன்னா மாமா. இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்னு நான் அழுத்திக்கிட்டே போனேன். நிறுத்தல. போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. இப்ப தெனமும் அவளே நிறுத்தி மூச்சு வாங்கிக்கிறா. இதப் போய் ரிப்பேர் பண்ணச் சொல்றீங்களா?”

சிறிது பொறுத்து மூடியை இட்டு, டீசலைப் பொறிக்கு ஏற்றும் கைப்பம்பைச் சிலமுறை அமுக்கிவிட்டு அவன் சாவியைத் திருப்பினான். வண்டி எதுவும் நிகழாததுபோல் கிளம்பிற்று.

அவன் பிடிவாதம் உடைந்தது அக்காளின் அழுகையால்தான். தாம்பரத்தில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் இருவரும் வண்டியைக் கொண்டுசென்றோம். அவர் கோவிலம்பாக்கத்துக்காரர், எல்லோருக்கும் பாய். வடிகட்டியை மாற்றினார். குழாய்களைக் கழற்றி ஊதினார். டீசலை இழுத்துத் தரும் பம்பைப் பிரித்துப் பார்த்தார். மூடியை எடுத்து ஒருபுறம் வைத்துவிட்டு, தொட்டிக்குள் விளக்கடித்துத் துருவும் நீரும் உண்டா என்று தேடினார். பின்பு அப்படியே பொறியை முடுக்கி வெகுநேரம் ஓடவிட்டார். அது ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

“ஒண்ணும் இல்ல சார். குதிரை மாதிரி ஓடிகினு கீது. சும்மா பேஜார் பண்றீங்க.”

“இங்க நிக்காது பாய். அங்க மட்டும்தான் நிக்கும்,” என்றான் மைத்துனன். மனைவி குறிப்பிட்ட அந்தச் சிரிப்பை அப்போதுதான் நானும் கண்டேன்.

“அங்க மட்டும் நிக்கறதுக்கு இது இன்னா டவுன் பஸ்ஸா? சரி, நாளிக்கு நானே வரேன். பாத்துடலாம்.”

மறுநாள் மூவரும் நெருக்கியடித்து அமர்ந்து புறப்பட்டோம். வழக்கமான சுமை, வழக்கமான பங்க். பாய் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கண்டிகைக்கு அப்பால் தகரம் இடிபட்ட ஓசை எழுந்ததும் அவர் பேச்சு அறுந்தது. பொறி கமறி ஓய, வண்டி அதே மரத்தடியில் போய் நின்றது. மைத்துனன் மூடியைத் திறந்தான். தொட்டி மூச்சை இழுத்தபோது, கருவிப்பையை எடுக்க நீண்ட பாயின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

“மூடியக் குடு,” என்றார் பிறகு.

அதை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்; மஞ்சள்நிறத்தில் பொருக்கு உதிர்ந்தது.

“யாரு தம்பி டேங்க் மூடிக்குச் சந்தனம் வச்சது? நெத்தி எங்க கீதுன்னு தெரியலியா உனக்கு?”

வைத்தவன் அவனேதான். கருமகாரியம் முடிந்தபின் வண்டியைக் கழுவிப் பூசை செய்தபோது முதலில் அப்பியிருக்கிறான். வண்டி நிற்கத் தொடங்கியபிறகு ஒவ்வொரு வெள்ளியும், காய்ந்ததன்மேலேயே புதிதாகக் குழைத்து அப்பியிருக்கிறான்.

பாய் என் பக்கம் திரும்பினார். “மூடியில ஒரு சின்ன ஓட்ட கீது சார். டீசல் கொறையக் கொறைய அது வழியா காத்து உள்ள வரணும். அத அடைச்சிட்டா, உள்ள காத்து இல்லாம தகரம் டொப்புனு அமுங்கும், டீசல் ஏறாது, வண்டி நின்னுடும். இவரு தெனம் அதே பங்க்ல ரொப்பிகினு வராரு, அதே தூரம் வந்ததும் நிக்குது. மூடியத் தொறந்தா காத்து உள்ள போவுது, திரும்ப ரொப்புற வரைக்கும் அது போதும், அவ்ளோதான். பட்டறையில நான் மூடியே போடல. அப்புறம் எப்படி நிக்கும்?”

யாவும் விளங்கிற்று. விளங்கிய பின்னும் என் உடலில் மயிர்க்கூச்சு அடங்கவில்லை.

அவர் ஊசியொன்றை எடுத்துத் துளையில் நுழைக்கப் போனார். மைத்துனன் அவர் மணிக்கட்டைப் பற்றினான்.

“பாய், அத அப்படியே விட்டுடுங்களேன்.”

பாய் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நான் அவரைச் சற்றுத் தள்ளி அழைத்துச்சென்று அவன் மனைவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கைகளைத் துணியில் துடைத்தபடி நெடுநேரம் நின்றார். துடைப்பதற்கு அவ்வளவு அழுக்கு இல்லை. பின் அவனிடம் வந்தார்.

“இப்பிடியே ஓட்டுனா பம்ப் போயிடும், அதக்கூட மாத்திக்கலாம்பா. ஒரு நாளு பின்னாடி லாரி வந்துகினு இருக்கும், நீ நடு ரோட்ல நின்னுடுவ. அந்தம்மா அதுக்கா நிறுத்தச் சொல்லிச்சு?”

அவன் கை தளர்ந்தது. ஊசி நுழைந்தது, துளையின் வழியே வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. கைப்பம்பை அமுக்கிப் பொறியை முடுக்கிச் சிறிதுநேரம் ஓடவிட்டு அணைத்தார்கள். அவன் மூடியைத் திறந்தான். ஓசையில்லை. மீண்டும் மூடித் திறந்தான். டீசல் நெடி மட்டும் எழுந்தது. காதைத் தொட்டியின் வாயருகே வைத்துக் கண்களை மூடிக்கொண்டான். நாங்கள் இருவரும் அசையாது நின்றோம். அந்த அமைதி, முன்பு கேட்ட மூச்சைவிட எனக்கு அச்சம் தந்தது.

நிமிர்ந்தபோது அவன் முகம் தெளிவாக இருந்தது. “நீங்க ரெண்டு பேரும் பின்னாடி ஒக்காந்துக்குறீங்களா மாமா?” என்றான்.

கேன்களுக்கிடையே ஏறிக்கொண்டோம். அவன் சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்தான். ஒருவர் மெதுவாக ஏறி அமர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கதவைப் பிடித்தபடி நின்றான். பிறகு ஓசையெழாமல் சாத்தினான். பாய் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டார்.

வண்டி புறப்பட்டது, அதன்பின் எங்கும் நிற்கவில்லை. பின்கண்ணாடி வழியே அவன் தலை அவ்வப்போது இடப்புறம் திரும்புவதைக் கண்டேன். பின்னால் வந்த வண்டிகள் ஒலியெழுப்பி ஒலியெழுப்பி எங்களைக் கடந்து சென்றன. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் ஏறக்குறைய நிறுத்தி, முன்சக்கரத்தை மெல்ல இறக்கி, பின்சக்கரத்தை அதனினும் மெல்ல இறக்கினான். கேன்களுள் இருந்த நீர் தளும்பவில்லை.