மழை வந்தால் பஸ் வராது

எனக்கு அந்தக் கமாவின் மேல் முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை. இங்கிலீஷில் 'இஃப்' வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் நடுவில் கமா போட வேண்டும். அதே 'இஃப்' பின்னால் போய்விட்டால் போடக் கூடாது. இடத்துக்குத் தகுந்தபடி நடந்துகொள்கிற எதையும் நான் லேசில் நம்புவதில்லை.

இங்கிலீஷ் சார் என்னைவிடச் சந்தேகக்காரர். எண்பதுகளின் நடுவில், நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது, சேலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பரீட்சை நேரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பார்.

அரைப்பரீட்சைக்கு முன்னால் வைத்த டெஸ்டில், 'மழை பெய்தால்' என்பதை மட்டும் இங்கிலீஷில் கொடுத்து மீதியை எழுதச் சொல்லியிருந்தார். விடைத்தாள் கொடுத்த அன்று எங்கள் ஊரிலிருந்து வரும் நான்கு பெண்களையும் எழுப்பி நிறுத்தினார். மற்றவர்கள் குடை பிடிப்பேன், பயிர் விளையும் என்று ஆளுக்கொன்று எழுதியிருக்க, நாங்கள் நால்வரும் 'பஸ் வராது' என்று எழுதியிருந்தோம். கமாகூட நான்கு தாளிலும் பிசகாமல் இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. யாரைப் பார்த்து யார் எழுதியது என்று கேட்டார். மறுநாள் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்.

அது என் சொந்த வாக்கியம். நால்வரில் என் பக்கத்தில் உட்காருகிறவள்தான் எட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். திரும்பிப் பார்த்தால் அவளும் என்னை அப்படித்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். அன்று பஸ்ஸில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வந்தோம்.

என் பயம் சார் அல்ல, அப்பா. என்னை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போதே, பேர் கெட்டால் அன்றைக்கே படிப்பு நிற்கும் என்று சொல்லியிருந்தார். அவருடைய 'இஃப்'புக்கு நடுவில் மூச்சு வாங்க இடமே கிடையாது. பாப்பாரப்பட்டி சந்தையிலிருந்து வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். காப்பி அடித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். வந்து தெரிந்துகொள்கிறேன் என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அன்றிரவு நல்ல மழை. காலையில் ஓடையில் தண்ணீர் கரைமுட்டப் போனது. பஸ் அக்கரையிலேயே திரும்பிவிட்டது.

அதற்கடுத்த நாள் நான்கு அப்பாக்களோடு போய் நின்றோம். நேற்று ஏன் வரவில்லை என்றுதான் சார் ஆரம்பித்தார்.

"மழை சார், பஸ் வரல" என்றோம், நால்வரும் ஒன்றாக.

"பாத்தீங்களா, இதையும் பேசி வெச்சுட்டு வந்திருக்காங்க."

அப்படி என்னதான் எழுதினார்கள் என்று அப்பா கேட்டார். சார் தமிழில் சொன்னார். அப்பா மற்ற அப்பாக்களைப் பார்த்தார்.

"மழ வந்தா பஸ் வராதுங்க சார். ஓடையில தண்ணி போவும். பின்ன வேற என்னங்க எழுதறது?"

சார் நான்கு தாள்களையும் எடுத்து மறுபடி பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். "சரி, கிளாசுக்குப் போங்க" என்றார்.

அப்பா என்னை வாசலில் நிறுத்தினார். "இதத்தான் எழுதுனேன்னு வூட்லயே சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பனே."

"என்ன எழுதினேன்னு நீங்க கேக்கலியேப்பா."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அதன்பின் என் படிப்பை நிறுத்துகிற பேச்சு அவர் வாயில் வரவில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் உட்கார்ந்ததும் என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"நெசமாச் சொல்லு, நீ என்னப் பாத்து எழுதலியா?"

அவளாவது கேட்டாளே என்றிருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது.