களிமண்

போர்க்காலத்தில் நிலக்கரிக்குப் பெரும் தட்டுப்பாடு. இளம் பொறியாளனான என்னை, கரி இருக்கிறதா என்று பார்க்கத் திருத்தணிக்கு அனுப்பினார்கள். பள்ளிப்பட்டு சாலையோரம் ஒரு பாழ்க்கிணற்றின் அடியில் கறுப்பு மண் தெரிந்தது. கூலியாட்கள் மேலே பிடித்திருந்த கயிற்றை இடுப்பில் கட்டாமல் கையால் பற்றி, கரியாக இருக்குமோ என்ற ஆசையில் நானே இறங்கினேன். கெட்ட காற்றில் தலை சுற்றி விழுந்தேன்.

அருகே லாரி பழுதுபார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் காதர் ஓடிவந்து இறங்கியிருக்கிறார். அரைமயக்கத்தில் அவர் குரல் கேட்டது.

"பயப்படாதீங்க சார், கட்டிட்டேன்."

என் இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே அனுப்பினார். அவருக்காக மறுபடி கயிறு இறங்கியபோது, அதைப் பிடிக்க அவருக்கு உணர்வில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கேட்டார்.

"நீங்க தேடிக்கினு வந்த கரி கெடச்சுதுங்களா?"

"இல்லம்மா. அது வெறும் களிமண்."

"ஆங்" என்றார். பிறகு, "வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அந்தத் தண்ணீரை மறுக்க முடியவில்லை; வாங்கிக்கொண்டேன்.

பின்னாளில் வேறு ஊர்களில் நிலக்கரி கண்டுபிடித்தேன். கெட்ட காற்றில் அணைகிறதா என்று விளக்கை இறக்கிப் பார்க்காமல் எந்தக் குழியிலும் யாரையும் இறங்க விட்டதில்லை. ஆனால் காதர் இறந்த கிணற்றில் களிமண்ணைத் தவிர ஒன்றுமில்லை என்பதை, நான் எடுத்த எந்தக் கரியாலும் மாற்ற முடியவில்லை.