முகம் தெரியாது, நடை தெரியும்

“ரீச்சர், இந்தச் சொல்லை எப்பிடி வாசிக்கிறது? பிழையா வாசிச்சா மாப்பிள்ளை வீட்டுக்காரர் சிரிப்பினமல்லோ?”

கடந்த வாரம் தர்சினி அழைத்து, “ரீச்சர், அம்மா போயிட்டா” என்றபோது, அவளுடைய அம்மா புவனா அக்கா என்னிடம் கேட்ட இந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஜேர்மனியில், இந்த வுப்பர்டால் நகரில் அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய உரத்த சிரிப்பு நினைவில் நிற்கும். எனக்கு அந்தச் சொல்.

தர்சினி இங்கிலாந்தில் படித்து, அங்கேயே ஓர் ஆங்கிலேயரை மணந்தவள். திருமணத்தில் அம்மா வாசிக்க வேண்டுமென்று தானே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு, ஆங்கிலம் படிப்பிக்கும் என் வீட்டுக்கு அக்கா வந்தார். அதில் ‘குளோமிங்’ (gloaming) என்ற சொல் இருந்தது. பழைய கவிதைகளில் வரும், பேச்சில் அரிது. அக்கா அதை ‘குளோ-ஆ-மிங்’ என்றார். ஜேர்மன் மொழியில் ஓவையும் ஆவையும் பிரித்தே வாசித்துப் பழகிய எங்களுக்கு வரும் பிழைதான். போட் (boat), கோட் (coat), றோட் (road) என்று எழுதிக் காட்டினேன்.

“கோட் மாதிரியோ? அப்ப சுகம்.”

பொருள்தான் அவ்வளவு இலேசில் பிடிபடவில்லை. அந்தி என்றேன்.

“பொழுதுபட முந்தியோ, பிறகோ? வடிவாச் சொல்லுங்கோ.”

பொழுதுபட்ட பிறகு, முழுதாக இருட்டுவதற்கு முன் என்றேன். வரியை மீண்டும் வாசித்தார். அந்த நேரத்தில் ஒரு பெண் வேலையால் வருகிறாள். சன்னலில் ஒரு பிள்ளை காத்து நிற்கிறது.

“ரீச்சர், இது நானல்லோ! நான் வரேக்கை இவள் தர்சினி மேலை சன்னலிலை நிண்டு, ‘அம்மா வாறா’ எண்டு கத்துவாள். முகம் தெரியாது, நடை தெரியும். அந்த நேரம்தானே?”

“ஓம் அக்கா.”

அதற்குமேல் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

திருமணத்தன்று அந்த இடம் வந்ததும் பழையபடி ‘குளோ-ஆ-மிங்’ என்றுவிட்டார். அக்கா நிமிர்ந்து என்னைத் தேடி, “கோட், ரீச்சர், கோட்!” என்று சிரித்துவிட்டு, வரியைத் தொடக்கத்திலிருந்து சரியாக வாசித்தார். அங்கே சிரித்தது அவர் ஒருவர்தான். தர்சினி அழுதுகொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் பொழுதுபடும்போது தெருவைப் பார்க்கிறேன். தண்டவாளத்தின் கீழே தொங்கி ஓடும் எங்கள் நகரத்துத் தொங்கு ரயிலால் இறங்கி எத்தனையோ பேர் வருகிறார்கள். இடப்பக்கம் சற்றே சாயும் அக்காவின் நடை மட்டும் இல்லை. அந்த நேரத்தை எனக்குத் தந்துவிட்டு அக்கா போய்விட்டார்.

இன்று மாலை விளக்கைப் போடுமுன் சன்னலருகே நில்லுங்கள். வீடு திரும்பும் ஒருவரை நடையைக் கொண்டே அறிந்து, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.