செம்பட்டி விசேஷத்துப் படங்கள்

திண்டுக்கல்லில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். போன மாசி மாதம் முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்க எரியோட்டுக்குப் போயிருந்த காலையில் செம்பட்டிக்காரர் ஒருவர் வந்தார். அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் நாங்கள்தான் படமெடுத்திருந்தோம்.

"எங்க அக்கா மக நேத்துலருந்து வீட்ல இல்லம்மா. எவனோ ஒருத்தன்கூடப் போயிருக்கா. நம்ம விசேஷத்துப் படத்துல எங்கயாச்சும் அவ பக்கத்துல அவன் நிப்பான். அம்புட்டுப் படத்தையும் இதுல போட்டுக் குடு" என்று பென் டிரைவை மேசையில் வைத்தார்.

பெண்ணைத் தேடி அலையும் தாய்மாமன். மறுக்கத் தோன்றவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பல வருஷத்துப் படங்கள் கிடந்தன. கையால் தேடினால் பொழுது போய்விடும். எல்லா ஃபோல்டருக்குள்ளும் புகுந்து அவர்கள் வீட்டுப் படங்களைத் தேடி, ஒவ்வொன்றும் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்ற பாதையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு பென் டிரைவில் நகலெடுக்கும்படி கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை வரிசையாகப் போட்டுச் சின்னதாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டேன்.

திரை முழுக்கப் பிழைச் செய்தி. ஒரு படமும் ஏறவில்லை. காரணம் உடனே புரிந்தது. 'செம்பட்டி வளைகாப்பு' என்று இடைவெளி விட்டு ஃபோல்டருக்குப் பெயர் வைத்திருந்தோம். ஸ்கிரிப்ட் அந்த இடைவெளியில் பாதையை இரண்டாக வெட்டி, 'செம்பட்டி'யைத் தனியாகவும் 'வளைகாப்பு' என்பதைத் தனியாகவும் தேடி, இரண்டும் இல்லை என்றது. இடைவெளியில் வெட்டாமல் வரிக்கு ஒரு முழுப் பாதையாக வாங்கும்படி மாற்றினால் சரியாகிவிடும். மாற்றப் போனேன்.

அப்போது அவருக்குப் போன் வந்தது. குரலை உயர்த்தாமல் பேசினார். "மூஞ்சி தெரிஞ்சாப் போதும்ப்பா. ஆள எடுத்துரலாம். அவளையும் அப்பறம் பாத்துக்கிருவோம்."

கொல்லத்தான் தேடுகிறார்கள் என்று புரிந்தது. எதையும் மாற்றாமல் ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓடவிட்டேன்.

"படம் எதுவும் தேறலண்ணே. டிஸ்க்கு கெட்டுப்போச்சு போல."

அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "செம்பட்டின்னு வருதேம்மா."

"பேரு மட்டுந்தாண்ணே காட்டுது. படம் இல்ல."

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி. நாளைக்கு வெவரம் தெரிஞ்ச ஆளாக் கூட்டிட்டு வாரேன்."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, ஸ்கிரிப்ட்டைத் திருத்தி ஓடவிட்டேன். படங்கள் மளமளவென்று வந்தன. வளைகாப்புப் பந்தியில், ஆல்பம் போட்டபோதே நான் பார்த்துப் பழகிய அந்த அக்கா மகள் உட்கார்ந்திருக்கிறாள். சாம்பார் வாளியோடு குனிந்து நிற்பவன் ஏதோ சொல்ல, வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். வேறு எந்தப் படத்திலும் அவள் சிரிக்கவில்லை.

முதலாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "டிஸ்க்கக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயிரும்மா. போலீஸ் ஸ்டேஷன்ல நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

மறுநாள் அந்த மாமன் இன்னொருவனோடு வந்தார். டிஸ்க் ரிப்பேருக்கு மதுரை போயிருக்கிறது என்றார் முதலாளி. வந்தவர் கோபப்படவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். போகும்போது என்னிடம், "வீடு எந்தப் பக்கம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஸ்டூடியோவுக்கு எதிர்ச் சாரியில் ஒரு கார் நின்றுகொண்டே இருந்தது. முதலாளியின் மனைவிதான் என்னை ஸ்கூட்டரில் வீடு வரை கொண்டுவந்து விட்டார். பிறகு ஒருநாள் காரைக் காணவில்லை. ஓடிப்போன அந்த இருவரும் தப்பிவிட்டார்களா, இல்லை அவன் முகம் வேறெங்கோ கிடைத்துவிட்டதா தெரியவில்லை. ஸ்டேஷனில் கேட்டதற்கு, விசாரிக்கிறோம் என்றார்கள்.